என் அத்தியாயத்தில் ஆறுகள் ஓடவில்லை

எங்கள் வீடு இருக்கிற ஹவுகன்ஸ்டுவாவுக்கு ஒரு தரிப்பு முன்பாகவே ரயிலில் இருந்து இறங்கிவிட்டேன். யோசித்து இறங்கவில்லை. கதவு திறந்தது, கால்கள் வெளியே போய்விட்டன. கையில் தொலைபேசி, அதில் என் முதுகலை ஆய்வின் மூன்றாம் அத்தியாயம். வழிகாட்டி அன்று மதியம்தான் திருத்தி அனுப்பியிருந்தார். ஓரமெல்லாம் சிறு குறிப்புகள்: இந்த அடிக்குறிப்பைச் சரிபார், இந்த வாக்கியம் நீளம், இங்கே சான்று வேண்டும். அவற்றுக்கெல்லாம் நான் கலங்கவில்லை. நடுப்பகுதியில் ஒரு கேள்வி இருந்தது. "நீ எப்போதாவது ஓர் ஆற்றை நடந்து கடந்திருக்கிறாயா?"

வீடு வரை நடந்தேன். ஏப்ரல் கடைசி. குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தூவிய சிறுகற்கள் நடைபாதையில் இன்னும் கூட்டப்படாமல் கிடந்தன. ஒவ்வோர் அடிக்கும் அவை சப்பாத்தின் கீழ் நொறுங்கின. அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு நன்றாக விளங்கியது என்று நினைத்தேன். மலைக்குப் போகிறவர்கள், காட்டுக்குள் குடில் வைத்திருக்கிறவர்கள், முதுகுப்பையோடு பிறந்தவர்கள், அவர்கள் கேட்கிற கேள்வி அது. ஏழாம் வகுப்பில் எங்கள் வகுப்பு முழுவதும் மலைப்பக்கம் ஒரு வாரம் முகாமுக்குப் போனது. இரவு தங்கல் என்றதும் அம்மா எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டார். திரும்பி வந்த பிள்ளைகள் ஆற்றுக்குள் இறங்கி நடந்த கதையை மாதக்கணக்காகச் சொன்னார்கள். நான் அந்த வாரம் வீட்டில் இருந்து கணக்குப் புத்தகத்தை முடித்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போனதும், பழைய கிரேக்கத்தை அகராதியோடு வாசிக்கக் கற்றதும், ஆற்றுக்குள் கால் வைத்துப் பெற்றவை அல்ல.

அத்தியாயம் எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டும். பண்டைக் கிரேக்கர் தங்கள் படையெடுப்புகளை எழுதியபோது நிலத்தை எப்படி எழுதினார்கள் என்பது என் ஆய்வு. மூன்றாம் அத்தியாயம் ஆறுகளுக்கு. அந்த நூல்களில் நாடு என்பது ஆறுகளால் கோத்த ஒரு கயிறு. படை இத்தனை நாள் நடந்தது, ஓர் ஆறு வந்தது, அதன் அகலம் இவ்வளவு, கடந்தது, மறுபடி நடந்தது. அகலத்தைப் பிளெத்ரோன் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பிளெத்ரோன் நூறு அடி. ஆழத்தை உடம்பால் சொல்வார்கள்: முழங்கால், இடுப்பு, மார்பு.

நான் அதிகம் எழுதியது ஒரே ஓர் ஆற்றைப் பற்றி. கூலிக்குப் போரிடப் போன கிரேக்கப் படை ஒன்று, போன காரியம் தோற்று, அந்நிய நாட்டின் நடுவிலிருந்து வீடு திரும்ப நடக்கிறது. அந்தப் படையில் இருந்த ஒருவரே பிற்பாடு அதை எழுதினார். ஆர்மீனிய மலைகளின் வாசலில் அவர்கள் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். அகலம் இரண்டு பிளெத்ரோன், இன்றைய கணக்கில் ஏறக்குறைய அறுபது மீற்றர். தண்ணீர் மார்பு வரை. எதிர்க்கரையில் பகைவரின் குதிரைகள், பின்னால் துரத்தி வந்த மலைவாசிகள். இறங்கிப் பார்க்கிறார்கள், முடியவில்லை, கரையேறி உட்கார்ந்துவிடுகிறார்கள். பிறகு வேறோர் இடத்தில் ஆழமில்லாத கடவை கிடைக்கிறது.

என் வாதம் இதுதான்: பகைவர் இருந்தது உண்மை, ஆனால் ஆற்றை அவர் பெரிதாக்கிவிட்டார். அறுபது மீற்றர், மார்பளவு நீர், இது ஒரு படையைத் தடுத்து நிறுத்தாது. தாங்கள் அஞ்சித் தயங்கியதைத் தண்ணீரின் தலையில் கட்டினார். கேடயத்தை ஆறு பறித்துக்கொண்டது என்று அவர் எழுதுவதை நான் அலங்காரம் என்று தள்ளினேன். அத்தியாயத்தில் எனக்குப் பிடித்த பகுதி அது. அதில் ஒரு துணிச்சல் இருந்தது. இதுபோல யாரும் எழுதி நான் வாசிக்கவில்லை.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அத்தியாயத்தில் எழுதவில்லை. எழுதவும் முடியாது. அது அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா இருபது வயதில், ஊரில் போர் நடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான பாதை மூடிக் கிடந்த காலத்தில், கொம்படிப் பக்கம் பரவைக்கடலை நடந்து கடந்தவர். பரவைக்கடல் என்றால் நிலத்துக்குள் பரந்து கிடக்கிற ஆழமில்லாத உப்புநீர். அக்கரை கண்ணுக்குத் தெரியாது. மழைக்குப் பிறகு சில இடங்களில் நீர் மார்புக்கு வரும், கீழே சேறு காலை இழுக்கும். தோளில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, சைக்கிள் பாரில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் நடந்தார். இதை நான் எங்கள் வீட்டில், கலியாண மண்டபங்களில், பிறந்தநாள்களில், அவர் பேருந்து ஓட்டும் கராஜின் கோடை விருந்தில், நோர்வேஜிய மொழியிலும் தமிழிலும் கேட்டிருக்கிறேன். சைக்கிளின் பெயரும் தெரியும்.

கிரேக்கர் அறுபது மீற்றர் நீரைப் பார்த்துக் கரையில் உட்கார்ந்தார்கள் என்று மாசி மாதம் ஒருநாள் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வந்தது.

"அறுபது மீற்றருக்கோ? அதுக்கோ குந்தினவங்கள்?"

"ஓம் அப்பா."

"பெரிய வீரர் எண்டு படம் எல்லாம் எடுக்கிறாங்கள்."

அதற்குப் பிறகு கதைக்கு ஒரு வால் முளைத்தது. எந்த மண்டபத்திலும் பரவைக்கடல் கடந்து முடிந்ததும் அப்பா சொல்வார்: "கிரேக்கப் படைக்கு இது ஏலாமப் போச்சு. என்ர மகள் ஆராய்ச்சியிலை நிரூபிச்சுப் போட்டாள்." கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிடன்," என்றார். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து இன்னும் உடுப்பு மாற்றாமல் இருந்தார்.

"பசியில்லை."

"வைலேடர் ஏதும் சொன்னவவோ?" என்று அப்பா கேட்டார். வழிகாட்டியை நாங்கள் வீட்டில் அந்த நோர்வேஜியச் சொல்லால்தான் அழைப்போம்.

"நான் ஆறு கடந்திருக்கிறனோ எண்டு கேட்டிருக்கிறா."

"நீ சொல்லு, என்ர அப்பா கடலே கடந்தவர் எண்டு."

"அது கடலில்லை, அப்பா. பரவைக்கடல்."

"அதிலையும் கடல் இருக்குத்தானே."

அன்று படுக்கும்வரை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மேசையில் இருந்தேன், எழுந்தேன், பால்கனிக்குப் போனேன், வந்தேன். அம்மா கடைசியில், "பிள்ளை, நீ நடக்கிறதைப் பாத்து எனக்குக் கால் நோகுது," என்றார்.

மறுநாள் வழிகாட்டியின் அறைக்குப் போனேன். ஐம்பதைத் தாண்டிய பெண். கதவுக்குப் பின்னால் எந்தக் காலத்திலும் சேறு காய்ந்த ஒரு சோடி மலைச் சப்பாத்து கிடக்கும். பேசியது நோர்வேஜிய மொழியில். அது எனக்குள் எங்கள் வீட்டுத் தமிழில்தான் கேட்கும், அப்படியே எழுதுகிறேன்.

"கோவத்தோடை வந்திருக்கிறாய்," என்றார்.

"இல்லை."

"சரி. கோவமில்லாமல் இரு."

"நான் போருக்கும் போகேல்லை. ஆனா போரைப் பற்றி எழுதுறன். ஆறு கடந்தால்தான் ஆற்றைப் பற்றி எழுதலாமோ?"

"எழுதலாம். நீ எழுதினதை நான் ரெண்டு தரம் வாசிச்சன். படை ஒவ்வொரு ஆறாக் கடக்குது. அகலம் சொல்லுறாய். ஆழம் சொல்லுறாய். அடியிலை சேறோ கல்லோ எண்டும் சொல்லுறாய். அதிலை எந்த ஆறாவது ஓடுதோ?"

"ஆறு எண்டால் ஓடும்தானே. அதை ஏன் எழுத வேணும்?"

"அதைத்தான் நானும் யோசிச்சன். எழுதாமல் விட்டால் ஒரு முடிவு வருது. எழுதினால் வேறை முடிவு வருது."

நான் மடிக்கணினியைத் திறந்து தேடினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கோப்பி ஊற்றினார். என்னைப் பார்க்காமல் இருந்தது அவருடைய நல்ல குணம். பக்கம் பக்கமாகப் போனேன். நீர் என்று எழுதியிருந்தேன், கரை என்று, சேறு என்று. நீரோட்டம் என்ற சொல்லே இல்லை. யூப்ரடீஸை ஒரு படை மார்புக்கு மேல் நனையாமல் கடந்ததை எழுதியிருந்தேன். அந்த ஆறு அதற்கு முன் யாருக்கும் நடந்து கடக்க வழிவிட்டதில்லை என்று ஊரார் சொன்னதைக் கேலி செய்திருந்தேன். அது எந்த மாதம், மலையில் பனி உருகி முடிந்துவிட்டதா என்று ஒரு வரி கேட்கவில்லை. என் ஆறுகள் எல்லாம் அகலமாக, ஆழமாக, அசையாமல் கிடந்தன. நான் இந்த நாட்டில் பிறந்தவள். ஒவ்வொரு வசந்தத்திலும் பாலங்களின் கீழ் பழுப்பு நீர் ஓடுவதைப் பார்த்தவள். ஆனால் நீரைக் கடப்பது என்று நினைத்ததும் எனக்கு வந்தது நிற்கிற நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மழைக்கு மட்டும் ஓடுகிற ஒன்றை ஆறு என்று சொல்லிக்கொள்கிறார்கள். கிணறு, குளம், பரவைக்கடல், இவ்வளவுதான். நான் பார்த்தேயிராத அந்த நிலத்தின் தண்ணீரைக் கொண்டுபோய் ஆர்மீனியாவில் ஊற்றியிருந்தேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. "ஓடினாலும் ரெண்டு பிளெத்ரோன்தானே," என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கையாவது போய் இறங்கிப் பார். முழங்கால் வரைக்கும். அதுக்கு மேலை போகாதை. பனி உருகிற நேரம்."

அத்தியாயத்தைக் கைவிட இன்னும் நேரம் இருந்தது. மே நடுவில் ஆய்வைக் கையளிக்க வேண்டும். ஆறுகளை எடுத்துவிட்டு மற்ற இரண்டு அத்தியாயங்களோடு ஒப்பேற்றலாம். அல்லது அப்படியே விட்டுவிடலாம். ஓடுகிறது என்று ஓரிடத்தில் சேர்த்துவிட்டு அதே முடிவைச் சொல்லலாம். அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. மூன்றாவது வழி, முடிவையே மாற்றி எழுதுவது. அதில் போனால் நான் போய் நிற்க வேண்டியது அப்பாவின் முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை ஹவுகெட்டோவில் சித்தி வீட்டில் மதியச் சாப்பாடு. அம்மாவின் தங்கை அவர். அவர்களுடைய தொடர்மாடிக்குக் கீழே சிறிது தூரம் இறங்கினால் லியான் ஆறு போகிறது. கிழக்குக் காட்டில் இருந்து வந்து கடலில் விழுகிற சிற்றாறு. கோடையில் கல்லுக்குக் கல் தாவலாம். நான் தனியாகப் போய்வரத்தான் நினைத்தேன். சாப்பாட்டுக்கு முன் எழுந்து சப்பாத்தைப் போடுகிறபோது அப்பா பார்த்துவிட்டார்.

"எங்கை?"

"ஆத்தடிக்கு. கொஞ்சம் இறங்கிப் பாக்க வேணும்."

"பொறு. நான் வாறன். நீ பழக்கமில்லாதனி."

"உங்களுக்கு முழங்கால் வருத்தம்," என்று அம்மா குசினியில் இருந்து சொன்னார்.

"தண்ணிக்குள்ளை முழங்கால் பாரமே தெரியாது. எனக்குத் தெரியாததே?"

சித்தப்பா கதிரையில் இருந்து எழும்பாமலே சிரித்தார். "அண்ணை, சைக்கிள் வேணுமோ? கீழை ஒண்டு பூட்டிக் கிடக்கு."

சைக்கிள் வேண்டாம். எனக்குக் கேடயம் வேண்டியிருந்தது. அதைச் சொன்னபோது எல்லோரும் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள். சித்தி தாம்பாளத்தை எடுத்து வந்தார், அது சிறிது. சித்தப்பா நிலக்கீழ் அறைக்குப் போய், பிள்ளைகள் பனியில் சறுக்குகிற வட்டமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். சிவப்பு நிறம். கைபிடிக்க இரண்டு துளை. கிரேக்கக் கேடயத்தைவிட இலேசு, ஆனால் வட்டம், முன்னால் பிடித்தால் வயிற்றையும் நெஞ்சையும் மறைத்தது.

ஆறு கோடையில் நான் பாலத்தில் நின்று பார்த்த ஆறு இல்லை. தேத்தண்ணி நிறத்தில், கற்களை மூடிக்கொண்டு, ஒரே சத்தமாகப் போனது. அகலம் பத்து மீற்றர் இருக்காது. அப்பா காற்சட்டையைச் சுருட்டினார். அம்மா சொன்னதற்காக முழங்காலில் ஒரு பட்டை கட்டியிருந்தார்.

"காலைத் தூக்காதை. சேத்திலை தடவித் தடவி நட. அக்கரையைப் பார், தண்ணியைப் பாக்காதை. நேரா நட."

"இஞ்சை சேறில்லை அப்பா. கல்."

"எல்லாம் ஒண்டுதான்."

அவர் முதலில் இறங்கினார். கரையோரம் கணுக்கால் நீரில் இரண்டடி வைத்துவிட்டு, "ஐஸ் மாதிரிக் கிடக்கு," என்றார். அக்கரையில் இருந்த ஒரு பிர்ச் மரத்தைப் பார்த்துக்கொண்டு நேராக நடந்தார். நான் பின்னால், கேடயத்தோடு. நீர் முழங்காலுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"என்ன?"

"தள்ளுது."

எனக்கும் அந்த நொடியில்தான் தெரிந்தது. யாரோ பெரிய ஆள் ஒருவர் பக்கவாட்டில் தோள் கொடுத்து முட்டுவதுபோல நீர் காலை முட்டியது. நின்றாலும் விடவில்லை. ஒரு காலைத் தூக்கினால் மற்றக் காலின் கீழ் இருந்த கல் புரண்டது. நான் கேடயத்தை நெஞ்சில் இருந்து சற்றுக் கீழே இறக்கினேன், அந்த ஆற்றில் இறங்கிய கிரேக்கர் எதிர்க்கரை அம்புக்குப் பயந்து இறக்கியிருப்பார்களே, அந்த அளவுக்கு. விளிம்பு நீரைத் தொட்டது. அவ்வளவுதான். கையில் இருந்து அதை யாரோ பிடுங்கினார்கள். என் உடம்பும் அதோடு அரைவட்டம் திரும்பியது. அப்பா என் ஜாக்கெட்டைப் பிடித்தார், பிடித்ததில் அவர் ஒரு முழங்காலில் நீருக்குள் விழுந்தார். சிவப்புத் தட்டு கற்களில் மோதி மோதிக் கீழே போனது. இரண்டு கையும் ஊன்றி அப்பா கரைக்கு வந்தார். நானும் வந்தேன்.

நாயோடு நடந்து போன ஒரு கிழவர் பாதையில் நின்றார். "குளிரோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம்," என்றார் அப்பா, நோர்வேஜிய மொழியில், மரியாதையாக. கிழவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இந்த நாட்டில் இதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதினால் அது உண்மை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய ஒரு வரி என் கையில் இருந்து ஒரு தட்டைப் பறித்துக்கொண்டு போயிருந்தது. அதை எழுதியவர் அலங்காரம் செய்யவில்லை. மார்பளவு நீரில் நின்று பார்த்ததை எழுதியிருந்தார். நான் எழுதிய இருபது பக்கம் பிழை. இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. கால்கள் மறுபடி இறங்க வேண்டும் என்று துடித்தன.

அப்பா காற்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

சித்தி வீட்டில் துவாயோடு உட்கார வைத்துச் சுடச்சுடச் சோறு போட்டார்கள். சித்தப்பா விடவில்லை.

"என்ன அண்ணை, உங்கட வீரம் உப்புத்தண்ணிக்கு மட்டும்தானோ?"

"கல்லு வழுக்கினது," என்றார் அப்பா. "சேறெண்டால் நான் போயிருப்பன்."

"அப்ப கிரேக்கனுக்கும் கல்லுத்தானே வழுக்கியிருக்கும்."

"அவங்கள் ஆயிரக்கணக்கில நிண்டவங்கள். கையைக் கோத்துக்கொண்டு போயிருக்கலாம். பயந்தாங்கொள்ளியள்." என்னைப் பார்த்தார். "நீ எழுதினதை மாத்தாதை. இது சின்ன வழுக்கல்."

அந்த மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், மண்டபத்தில் பார்ப்பதுபோல. தலையாட்டினால் போதும். நான் கையில் இருந்த சோற்றைக் கோப்பையில் வைத்தேன்.

"அப்பா, அந்த அத்தியாயத்தை நான் மாத்தப் போறன். அவங்கள் பயந்ததாலை நிக்கேல்லை. தண்ணி விடேல்லை. நான் பிழையா எழுதிப்போட்டன்."

"மண்டபத்திலை எல்லாருக்கும் சொன்னனான்."

"தெரியும்."

அம்மா குழம்புச் சட்டியை அவர் பக்கம் தள்ளினார். அவர் தொடவில்லை.

திரும்பி வரும் ரயிலில் அப்பா ஜன்னல் பக்கம் இருந்தார். மத்திய நிலையத்தில் மாறி ஏறினோம். எங்கள் தரிப்பு வருவதற்குச் சற்று முன், "நீ படிச்சனி. உன்ர விருப்பம்," என்றார். அவர் அப்படி என்னிடம் சொன்னது அதுதான் முதல் தரம். படித்தவள் என்று மற்றவர்களிடம்தான் சொல்வார்.

அந்த வாரங்களில் வீட்டில் எழுத முடியவில்லை. நூலகத்தில் எழுதினேன், அங்கும் ஓரிடத்தில் இருக்கவில்லை. ஜன்னல் மேசை, படிக்கட்டுப் பக்கம், கோப்பிக் கடை. எல்லா நூல்களையும் மறுபடி எடுத்து, ஒவ்வோர் ஆற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: நீ ஓடுகிறாயா? அப்போதுதான் நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பெரும்பாலான ஆறுகள் கிரேக்கருடைய எழுத்திலும் ஓடவில்லை. பெயர், அகலம், ஒரு நகரம், அடுத்த ஆறு. யாரோ எண்ணி வைத்த அளவுகளைப் பெயர்த்து எழுதியவை. இடையில் எங்கோ ஓரிடத்தில் மட்டும் கேடயம் போகிறது, கயிறு அறுகிறது, குதிரை சரிகிறது, நீர் ஒரு பக்கமாக இழுக்கிறது. அங்கே எழுதியவரோ அவருக்குச் சொன்னவரோ நீருக்குள் நின்றிருக்கிறார் என்று எழுதினேன். ஆறுகளை இப்படி இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் புதிய வாதம்.

வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். "என்னட்டை மட்டுமில்லை, அவையளிட்டையும் ஆறு ஓடேல்லை," என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன். அவர் வாசித்தார். கோப்பி ஆறியது.

"இதை நான் கவனிக்கேல்லை," என்றார். "இத்தனை வருசமா வாசிக்கிறன். எனக்கு ஆறு எண்டாலே ஓடுற சத்தம் கேக்கும். அவை எழுதாததையும் நானே சேர்த்து வாசிச்சிருக்கிறன்."

அவர் அதைச் சொன்னதை நான் இங்கே எழுதாமல் விடப் போவதில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

பரவைக்கடலை ஓர் அடிக்குறிப்பில் எழுதிப் பார்த்தேன். நிற்கும் நீரில் நடந்தவர்கள் பற்றி, என் முதல் பிழை எங்கிருந்து வந்தது என்பது பற்றி. நான்கு வரி. அழித்தேன். மறுபடி எழுதினேன். கையளிக்கிற அன்று காலையில் மீண்டும் அழித்தேன். அப்பா நடந்தபோது மேலே வானத்தில் என்ன சுற்றியது, கரையில் யார் காத்திருந்தார்கள் என்பதெல்லாம் அந்த நான்கு வரியில் அடங்கவில்லை. அடக்கினால் அதுவும் அகலமும் ஆழமும் மட்டும் உள்ள ஒரு குறிப்பாகிவிடும்.

ஜூனில் வாய்மொழிப் பரீட்சை. வெளியில் இருந்து வந்த பரீட்சகர் ஆறுகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். இறுதியில் B கிடைத்தது. நான் அழவில்லை, A தராததில் கோபம்தான் வந்தது. கட்டடத்துக்கு வெளியே வந்து, ரயிலுக்குப் போகாமல் நடந்தேன். நடந்து நடந்து குறொன்லாண்ட் கடைத்தெரு வரை வந்துவிட்டேன். அப்பா அன்று காலை வேலை முடித்து அங்கே மரக்கறி வாங்க வந்திருந்தார். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பையில். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இருந்தது, ஆனால் சாப்பாட்டையும் காலநிலையையும் தாண்டவில்லை. மண்டபங்களில் அவர் கதையை அக்கரையில் முடித்துக்கொண்டார் என்று அம்மா சொல்லியிருந்தார். வால் இல்லை.

"B எண்டால் என்ன?"

"A-க்கு அடுத்தது."

"A ஏன் தரேல்லை? அந்த ஆத்துக் கதையாலையோ?"

"இல்லை. அதைத்தான் நல்லது எண்டவை."

கொஞ்சத் தூரம் சேர்ந்து நடந்தோம். பை கனக்கிறதா என்று கேட்டேன், தரவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது அவர் நின்றார். இந்தப் பாலத்தின் மேலால் வருடக்கணக்காகப் பேருந்து ஓட்டியவர், இறங்கிக் கீழே பார்த்ததை நான் பார்த்ததில்லை. கைப்பிடியில் பையைச் சாய்த்துவிட்டு நீரைப் பார்த்தார். ஜூனில் அது மெதுவாகத்தான் போகிறது.

"அந்த ஆறு இப்பவும் இருக்கோ?" என்றார்.

"எது?"

"அவங்களை விடாதது."

"இருக்கு. துருக்கியிலை. ஆனா அந்தப் பக்கம் அணை கட்டிப்போட்டாங்கள். அவை கடந்த இடம் எண்டு சொல்லுற பகுதியிலை இப்ப தண்ணி ஏறி நிக்குது போல."

"நிக்குதோ? ஓடேல்லையோ?"

"ஓடேல்லை."

"அப்ப நான் கடப்பன்," என்றார்.

"ஆழம் அப்பா. காலே எட்டாது."

அவர் யோசித்தார். பையைக் கை மாற்றினார். "எட்டாட்டி வள்ளம் பிடிப்பம். நீ போறதெண்டால் சொல்லு, நான் லீவு போடுறன்."

நான் போகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஓடுகிற இடத்துக்கு, அணைக்கு இன்னும் மேலே, வசந்தத்தில். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, முருங்கைக்காயில் ஒன்று பையில் இருந்து வழுகுவதைப் பிடித்தேன்.